ஏலக்காய் ஜீப்பும் என் பதிவும்

எச்.ஆர். துறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "சார், நாங்களும் பிளாக் எழுதலாமா, வேலைக்கு ஆபத்து வருமா?" என்பதுதான். வரும். இருந்தாலும் எழுதுங்கள். எனக்கு வந்த ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு உங்கள் சாமர்த்தியம்.

1996-ல் தேனிப் பக்கத்து நூல் மில் ஒன்றில் லேபர் ஆபீசராகச் சேர்ந்தேன். சில வருடங்களில் கதவில் இருந்த பலகையைக் கழற்றி 'பெர்சனல்' என்று மாட்டினார்கள். இன்னும் சில வருடங்களில் அதையும் கழற்றி 'எச்.ஆர்.' என்று மாட்டினார்கள். மூன்று பலகைக்கும் உள்ளே ஒரே நாற்காலிதான், ஒரு கால் ஆடும். தொழிலாளர்களுக்கு நான் எப்போதும் 'ஆபீசர் பாய்'.

இந்த நாற்காலியின் பெரிய கஷ்டம் தனிமை. முதலாளி என்னைத் தொழிலாளியின் ஆள் என்பார், தொழிலாளி என்னை முதலாளியின் ஆள் என்பார். ஒரு சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பது? பக்கத்து மில்லில் இதே வேலை பார்ப்பவரிடம் கேட்கலாம். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ரகசியத்துக்கு ஆயுள் உத்தமபாளையத்தில் பஸ் ஏறிச் சின்னமனூரில் இறங்கும் வரைக்கும்தான். காலையில் நான் கேட்ட சந்தேகம் மத்தியானம் என் முதலாளியின் காதில் இருக்கும். அதனால் பத்து வருடம் எல்லாத் தப்பையும் நானே தனியாகச் செய்தேன், யாரும் உதவிக்கு வரவில்லை.

2006 வாக்கில் ஒரு நாள், விசாரணை நோட்டீசுக்கு நல்ல மாதிரி ஒன்று கிடைக்குமா என்று உத்தமபாளையத்து பிரவுசிங் சென்டரில் தேடிக்கொண்டிருந்தேன். நோட்டீஸ் கிடைக்கவில்லை. ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் என்னைப் போலவே நாற்காலியில் இருந்த ஒருவர் தமிழில் எழுதியிருந்த பதிவு கிடைத்தது. முதல் வரியே, "இன்று விசாரணையில் நான் தோற்றேன், தோற்றது நியாயம்" என்று இருந்தது. நான் மூன்று தடவை படித்தேன். எச்.ஆர். வேலையில் இருக்கும் ஒருத்தன் தோற்றதாக எழுதி அதுவரை நான் பார்த்ததே இல்லை. அடுத்த வாரமே நானும் ஒரு வலைப்பதிவைத் தொடங்கினேன். பெயர் 'இரண்டாம் ஷிப்ட்'. என் பெயரைப் போடும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது எங்கள் கூட்டத்தை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஓசூர், திருப்பூர், கோவை, ராஜபாளையம் என்று ஆளுக்கொரு மூலை. யாருக்கும் யார் முகமும் தெரியாது. ஆனால் வேலைக்கு உதவியது. எங்கள் மில்லில் விரல் வைக்கும் பஞ்சிங் மிஷின் வந்தபோது பாதிப் பெண்களின் விரலை அது ஏற்கவே இல்லை. அறுந்த நூலை நாளெல்லாம் இணைத்து இணைத்து ரேகை தேய்ந்திருந்தது. கேட்டில் ஒரே கூச்சல். பதிவில் எழுதினேன். திருப்பூர்க்காரர் பின்னூட்டத்தில் பதில் போட்டிருந்தார்: "இடது கை மோதிர விரலைப் பதிந்து பாருங்கள், நூல் தொடாத விரல் அதுதான்." மறுநாள் பதிந்தோம். மிஷின் ஒவ்வொருத்தராக உள்ளே விட்டது. அன்று கேட்டில் நின்று நான் ராஜா மாதிரி கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசனை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வெற்றி தலைக்கு ஏறியது. தொழில் பிரச்சினைகளை எழுதிக்கொண்டிருந்தவன் மெல்ல ஆட்களைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். நக்கல் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். படித்தவர்கள் சிரித்தார்கள், நான் மேலும் எழுதினேன். ஒரே ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை. பெயர் போடாத ஓர் அனானி. பாராட்ட மாட்டார், திட்ட மாட்டார், ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போய்விடுவார். "அவர் தரப்பை எழுதவில்லையே?" என்று ஒரு தடவை கேட்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பதில் போடவில்லை.

2008-ல் ஏலக்காய் சீசன். கம்பத்திலிருந்து விடிகாலையில் ஜீப்புகள் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மேட்டைத் தாண்டிக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகும், சாயங்காலம் இறங்கும். எங்கள் மில் பெண்களில் சிலர் மெடிக்கல் லீவைப் போட்டுவிட்டு அந்த ஜீப்பில் ஏறுவது உண்டு. அது எனக்குப் பழைய தலைவலி. அந்த நேரம் பார்த்து டைம்கீப்பர் தங்கராசு என் மேசைக்கு வந்தார்.

"சார், வேஸ்ட் ரூம் ஈஸ்வரி மெடிக்கல் லீவுலதான இருக்கு?"

"ஆமா, என்ன?"

"இன்னிக்கு விடியக்காலம் கம்பத்துல ஏலக்கா ஜீப்புல ஏறிப் போகுது. என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஆளு தெரியாம இருக்க மூஞ்சிய வேற துண்டால கட்டியிருக்கு."

ஈஸ்வரி கழிவுப் பஞ்சு அறையில் பஞ்சைக் கூட்டி அள்ளி மூட்டையாக அழுத்தும் வேலையில் இருந்தவர். புருஷன் இல்லை. அந்த வேலை ஒன்றுதான் குடும்பத்துக்கு. இதெல்லாம் என் கோப்பில் இருந்தது. நான் கோப்பைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போய் 'மலை ஏறும் மெடிக்கல் லீவு' என்று ஒரு பதிவு எழுதினேன். ஈஸ்வரியைக் கலா ஆக்கினேன், மில்லைத் திண்டுக்கல்லுக்குத் தூக்கிப் போனேன். கம்பத்து ஜீப்பையும் துண்டையும் மட்டும் விட மனசு வரவில்லை. "போலீசுக்கு டிமிக்கி கொடுக்கும் திருடன் மாதிரி மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு நம் நோயாளி ஜீப்பில் ஏறினாள்" என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

அதுவரை நான் எழுதியதிலேயே அதிகம் படிக்கப்பட்ட பதிவு அதுதான். ஊர் ஊராக எச்.ஆர். ஆட்கள் வந்து தங்கள் மில்லின் 'கலா'க்களைப் பற்றி எழுதினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன், அப்படி ஒரு ஆசை. கடைசிப் பின்னூட்டம் அனானியுடையது.

"கம்பம் ரோடு தார் ரோடு, விடிகாலையில் தூசி ஏது? அவர் துண்டு கட்டியது எதற்காக? மில்லில் அவருக்கு எந்தப் பிரிவு?"

எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியும், மில்லிலேயே பஞ்சுத் தூசி அதிகமுள்ள அறை.

மில்லுக்குத் திரும்பினால் சின்ன முதலாளி கூப்பிட்டு விட்டிருந்தார். பெரியவரின் மகன், மில்லை அவர்தான் அப்போது நடத்திக்கொண்டிருந்தார். கோபக்காரர், ஆனால் கேட்கத் தெரிந்தவர். மேசைமேல் இரண்டு தாள்களைத் தூக்கிப் போட்டார். என் பதிவின் பிரிண்ட் அவுட்.

"பாய், யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல எழுதிருக்கான். பேரத்தான் மாத்திருக்கான், இது நம்ம வேஸ்ட் ரூம் பொம்பளதான்னு டீக்கடையில எல்லாம் பேசுறாக. தங்கராசுகிட்டயும் கேட்டுட்டேன். திங்கக்கெழம விசாரணைய வச்சு முடிச்சு விடுங்க. இதயும் சாட்சியா சேத்துக்கங்க."

நான் எழுதிய நக்கல் ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கச் சாட்சியாக என் கையிலேயே வந்து நிற்கிறது. வெளியே சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் ஈஸ்வரியின் வேலை போகும். "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை லீவு போட்டேன். விடிகாலையில் கம்பத்துக்குப் போய் அதே ஏலக்காய் ஜீப்பில் ஏறினேன். உள்ளே இருந்த பெண்களுக்குத் தாங்க முடியாத சிரிப்பு.

"என்ன ஆபீசர் பாய், மில்ல மூடிட்டாகளா? ஏலக்காக்கு வந்துட்டீக!"

மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டத்தில் ஈஸ்வரியின் தங்கை குடும்பத்தோடு லயத்தில் இருந்தார். வரிசையாக ஓடு போட்ட தோட்டத்து வீடுகளைத்தான் லயம் என்பார்கள். முதலில் தோட்டத்துக் கங்காணியிடம் போய் வேலைக்கு வந்தவர்களின் பெயரேட்டைக் கேட்டேன். அந்த சீசன் முழுக்க ஈஸ்வரி என்ற பெயரே இல்லை. பிறகு லயத்துக்குப் போனேன். ஈஸ்வரி வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் துண்டு இல்லை.

"எதுக்கு சார் இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"நீங்க ஏலக்கா பறிக்கிறதாப் பேச்சு. பாக்க வந்தேன்."

"நல்லாப் பாத்துக்கங்க. அங்கன இருந்தா ராவும் பகலும் இருமலு. இங்கன வந்தா நாலு நாள்ல நின்னுருது. திரும்ப மில்லுக்கு வந்தா மறுபடியும் புடிச்சுக்கிருது. பஞ்சுத் தூசிதான், பிரிவ மாத்திக் கேளுமான்னு டாக்டரு சொன்னாக. நானும் எழுதிக் குடுத்தேன்ல சார், ஒங்க கையிலதான குடுத்தேன்?"

குடுத்தார். ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மனு. பிறகு பார்க்கலாம் என்று ஓரத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டு, மேசையில் மற்றத் தாள்களுக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். அந்த இடத்தில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஜீப்புல துண்டு எதுக்குக் கட்டுனீங்க?"

"மேடு ஏறயில குளுந்த காத்து அடிச்சா இருமல் நிக்காது சார். பக்கத்துல இருக்குறவுக மூஞ்சில இருமவா முடியும்?" பிறகு அவரே கேட்டார். "என்னயப் பத்திக் கம்ப்யூட்டர்ல எழுதிருக்காகளாம். தங்கச்சி மக காலேசுல பாத்துட்டு வந்து படிச்சுக் காட்டுச்சு. திருடன் மாதிரின்னு போட்டுருக்காக. யாரு சார் எழுதுனது?"

தம்பிகளே, தங்கைகளே, நம் வேலையில் முக்கியமான முடிவுகள் மேசையில் வைத்து எடுக்கப்படுவதில்லை. யோசிக்க அவகாசமே இல்லாத இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் எடுக்க வேண்டி வரும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான் எழுதுனேன், ஈஸ்வரி," என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து தங்கை பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனது, யாரும் தொடவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல சார்," என்றார் கடைசியில். "சரி, எழுதுனது எழுதிட்டீக. இப்ப நான் சொல்றதயும் எழுதுங்க. கலா கிலான்னு வேணாம், எம் பேரயே போடுங்க. பேர மாத்துனதால யாருக்குத் தெரியாமப் போச்சு? ஒங்க பேரயும் போடணும்."

"போடுறேன்," என்றேன். சொல்லும்போதே என் நாற்காலி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டு ஜீப்பில் இறங்கி வரும்போது மனசு லேசாக இருந்தது. பல வருடமாக அப்படி இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் சின்ன முதலாளியின் அறைக்குள் நான் நுழைவதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"என்ன பாய், சனிக்கெழம லீவு போட்டுட்டு ஏலக்கா பறிக்கப் போனீகளாமே? கம்பத்துல பாத்ததா மூணு பேரு சொல்லிட்டாக."

"ஜீப்புல போனேன் சார், பறிக்கல. ஈஸ்வரியும் அப்படித்தான் போயிருக்கு." ஈஸ்வரியின் மனுவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன், என் சுருக்கொப்பம் மேலே தெரியும்படி. அதன் பக்கத்தில் டாக்டர் சீட்டு. அதன் பக்கத்தில் என் ராஜினாமாக் கடிதம். "நீங்க சாட்சியா வைக்கச் சொன்ன பதிவ எழுதுனதும் நான்தான் சார்."

அவர் முகம் சிவந்தது. ராஜினாமாவை எடுத்தார், வைத்தார். மனுவை எடுத்துப் படித்தார். "விசாரணை முடியட்டும், அப்பறம் ஒங்களப் பத்திப் பேசிக்கிறேன்," என்றார்.

விசாரணை அதிகாரியாக உத்தமபாளையம் கோர்ட்டு வக்கீல் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தோம். வழக்கமாக நிர்வாகத்தின் பக்கம் உட்கார வேண்டிய நான் அன்று ஈஸ்வரியின் சாட்சியாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கராசு தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். குறுக்கே கேட்க ஏதாவது இருக்கிறதா என்று வக்கீல் ஈஸ்வரியைக் கேட்டார். இருக்கிறது என்று எழுந்தார்.

"அண்ணே, நான் ஏலக்கா பறிச்சத நீங்க பாத்தீகளா?"

"பறிச்சதப் பாக்கல. ஜீப்புல ஏறுனதப் பாத்தேன்."

"ஏறுனா?"

"ஏலக்கா ஜீப்புல ஏறுனா ஏலக்காக்குத்தானம்மா போவாக. வேற எதுக்குப் போவாக?"

"அப்ப சனிக்கெழம இந்த சாரும் ஏறுனாகளே. இவுக எத்தன கிலோ பறிச்சாகன்னு கேட்டுச் சொல்லுங்க."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், சிரிப்பை அடக்கத்தான். தங்கராசுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தப்புத்தான், தாயி. ஏறுனத மட்டும்தான் பாத்தேன், அப்பிடியே எழுதிக்கங்க," என்றார். கங்காணியின் பெயரேட்டில் கண்டதை நான் சொன்னேன். மனு என் மேசையில் கிடந்ததையும் சொன்னேன். குற்றச்சாட்டு நிற்கவில்லை என்று வக்கீல் எழுதிக் கொடுத்தார். பதினான்கு வருட வேலையில் நான் எதிர்த்தரப்பில் உட்கார்ந்த ஒரே விசாரணை அது. ஜெயித்த விசாரணைகளில் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஈஸ்வரியைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றி அன்றே உத்தரவு போட்டோம். என் ராஜினாமாவைச் சின்ன முதலாளி கிழிக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை, இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "மில்லு பேரு மட்டும் வரக் கூடாது பாய்," என்றார். "வராது சார். ஆனா இந்தப் பள்ளத்தாக்குல பேரு போடாட்டியும் தெரியாமயா போகும்?" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

பதிவை வெளியிடும் முன் ஈஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். அவர்தான் கேன்டீனில் டீ நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னார். நான் இரண்டு பக்கம் உருகி உருகி மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிப்பு இம்புட்டு நீளமா வேணாம் சார், ஒரு வரி போதும். அந்த எடத்துல வேஸ்ட் ரூம்ல தூசிய வெளிய தள்ளுற ஃபேன் இல்லன்னு எழுதுங்க. நான் பேக்கிங்குக்கு வந்துட்டேன், இப்ப அங்கன முருகாயி நிக்கிது."

கேன்டீனே கைதட்டியது. நான் பேனாவை எடுத்து இரண்டு பக்கத்தை அடித்தேன். எத்தனையோ பேர் என் எழுத்தைத் திருத்தியிருக்கிறார்கள், அவரைப் போல யாரும் திருத்தியதில்லை.

என் பெயரோடும் அவர் பெயரோடும் பதிவு வெளியானது. வழக்கமான சிரிப்புப் பின்னூட்டம் ஒன்றுகூட வரவில்லை. ராஜபாளையத்துக்காரர் தன் மில்லின் கழிவுப் பஞ்சு அறைக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போனதாக எழுதினார். தன் மேசையில் கிடந்த மனுக்களை எடுத்துப் படிக்க உட்கார்ந்ததாகக் கோவையிலிருந்து ஒரு பெண் எழுதினார். ஓசூர்க்காரர் தன் சொந்தப் பெயரைப் போட்டார், அதைப் பார்த்துத் திருப்பூர்க்காரர் போட்டார். ஒருவரைப் பற்றி எழுதினால் முதலில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. அந்த வழக்கத்தை மதித்து எழுத வந்த புதியவர்கள், 2010-ல் நான் ஓய்வு பெறும்போது, எனக்குப் பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பெருகியிருந்தார்கள். நீங்கள் இன்று எச்.ஆர். பதிவு என்று படிப்பதில் பாதி அவர்கள் எழுதியது. அனானி மட்டும் கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. எங்கள் பெயர் போட்ட அந்தப் பதிவில் அவர் கேள்வி எதுவும் விட்டிருக்கவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டேன்.

பதிவு வந்த அந்த வாரமே கழிவுப் பஞ்சு அறையின் சுவரில் ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினார்கள். சின்ன முதலாளி ஈஸ்வரியையே கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னார். ஃபேன் சுற்றியது, அறைக்குள் மிதந்த தூசி சுவரைப் பார்த்து நகர்ந்தது. முருகாயி வாயை மூடியிருந்த முந்தானையை மெதுவாக எடுத்தார். நான் உடனே நோட்டை எடுத்தேன்.

"இப்ப எழுதாதீக சார்," என்றார் ஈஸ்வரி. "மொதலாளி வந்து நிக்கயில எல்லா மிஷினும் ஓடத்தான் செய்யும். ஒரு மாசம் ஓடட்டும். முருகாயிகிட்டக் கேட்டுட்டு எழுதுங்க."

நோட்டைப் பைக்குள் வைத்தேன். ஒரு மாதம் ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு தடவை பெல்ட் அறுந்தது, அன்றைக்கே மாற்றினோம். மாதம் முடிந்ததும் முருகாயியிடம் போய்க் கேட்டேன். "ஓடுது சார், இருமலும் கொறஞ்சிருக்கு," என்றார். அன்று சாயங்காலம் ஐந்து வரியில் எழுதி, மறுநாள் பேக்கிங் பிரிவுக்குப் போய் ஈஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். அட்டைப்பெட்டியை ஒட்டிக்கொண்டே கேட்டு முடித்தார். ஒரு வார்த்தையையும் மாற்றச் சொல்லவில்லை.